நாற்பத்தொரு பழனிசாமிகள்

நான் ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் பழைய அலுவலகத்திலிருந்து பிரவீணா கூப்பிட்டாள். புதிதாகச் சேருபவர்களுக்கு ஒரு கையேடு தயாரிக்கிறார்களாம்.

"அக்கா, டிஸ்க்ல இருக்கற மரத்தை வேகமாத் திருத்தறது எப்படின்னு நீங்கதான் எழுதித் தரோணும். ரெண்டு பக்கம் போதுங்க. அப்பறம் அக்கா, கோவப்படாம எழுதுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அதே பேச்சில், புதுப் பதிப்பில் 'எழுதியாயிற்றா என்று கேட்டுக் காத்திருக்கும்' வேலையை எடுத்துவிடப் போவதாகவும், சோதனையில் வேகம் பிய்த்துக்கொண்டு போவதாகவும் சொன்னாள். போனை வைத்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். கோபப்படாமல் எழுத எனக்குத் தெரியாது, கண்ணு. இரண்டு பக்கத்திலும் முடியாது. கையேட்டில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

முதலில் மரம். டிஸ்கில் பதிவுகளை அடுக்கி வைக்கும் ஒரு முறைக்கு நிரல் எழுதுகிற நாங்கள் வைத்த பெயர் அது. இந்த மரத்துக்கு வேர் மேலே, இலை கீழே. ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சீட்டுகளைப் பெயர் வரிசைப்படி தட்டுகளில் அடுக்கியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் நாற்பத்தைந்து சீட்டுகள்தான் கொள்ளும். எந்தப் பெயர் எந்தத் தட்டில் என்று மேலே ஓர் அட்டவணை. தட்டுதான் இலை, அட்டவணை கிளை, தேடத் தொடங்கும் முதல் அட்டவணை வேர். தட்டு நிரம்பிவிட்டால் பாதிச் சீட்டுகளைப் புதுத் தட்டுக்கு மாற்றி, புதுத் தட்டின் எண்ணை அட்டவணையில் எழுதிவிடலாம். மொத்தத்தையும் கலைத்து அடுக்க வேண்டியதில்லை. மூன்றே இடத்தைத் தொட்டால் வேலை முடிந்தது. லட்சம் சீட்டு இருந்தாலும் அதே மூன்று இடம்தான். இந்த அழகைப் பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலிலேயே விழுந்தேன்.

ஆபத்தும் அந்த மூன்று இடத்தில்தான் இருக்கிறது. பாதிச் சீட்டுகளைப் புதுத் தட்டில் வைத்துவிட்டீர்கள், பழைய தட்டிலிருந்து எடுத்தும் விட்டீர்கள், அட்டவணையில் எழுதுவதற்குள் கரண்ட் போய்விட்டது. ஒரு சீட்டும் அழியவில்லை. எல்லாம் புதுத் தட்டில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அப்படி ஒரு தட்டு இருப்பதே இனி யாருக்கும் தெரியாது.

அதனால் முறை இது: முதலில் புதுத் தட்டை எழுது. எழுதியாயிற்றா என்று டிஸ்கைக் கேள். பதில் வரும்வரை நில். பிறகு அட்டவணையை எழுது. மறுபடி கேள், மறுபடி நில். கடைசியாகத்தான் பழைய தட்டில் கை வை. நடுவில் என்ன நடந்தாலும் ஒரு சீட்டு இரண்டு இடத்தில் இருக்குமே தவிர, ஓரிடத்திலும் இல்லாமல் போகாது. கேட்காமல் விட்டால் டிஸ்க் தன் சௌகரியத்துக்கு எதை முதலில் எழுதும், எதைப் பிறகு எழுதும் என்று சொல்லவே முடியாது. கேட்டு நிற்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

நான் கல்லூரிக்குப் போனவள் இல்லை. வெள்ளகோவிலில் டைப்ரைட்டிங் படித்தேன். ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே தூசி மூடிக் கிடந்த கம்ப்யூட்டரோடு வந்த தடிப் புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டு வருடம் புரியவில்லை. மூன்றாம் வருடம் புரிந்தது. காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த சிறிய மென்பொருள் கம்பெனி என்னை வேலைக்கு எடுத்தது. படிப்புக் காலம் அவ்வளவுதான்.

எடுத்தவர் ஜெகநாதன் சார். பட்டம் இல்லாதவளை நம்பி வேலை கொடுத்தவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை. டீ கொண்டுவருபவரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். நாம் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் ஒவ்வொரு வில்லையாகத் துடைத்து, கீபோர்டுக்குப் பக்கத்தில் மடக்கி வைப்பார். தலையைச் சாய்த்து முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்ததும், "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்கம்மணி" என்பார். பிறகு தான் முதலிலேயே நினைத்து வைத்திருந்ததைச் செய்வார். கண்ணாடி கழன்றுவிட்டால் முடிவு எப்போதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது. திட்டுகிற அதிகாரியிடம் சண்டையாவது போடலாம். மரியாதையைக் கரைத்து ஊட்டுகிறவரிடம் என்ன செய்வது?

கருமத்தம்பட்டி தாண்டி ஓர் ஆஸ்பத்திரிக்குப் பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். மரத்தை முழுக்க நான்தான் எழுதினேன். தேடுவதற்கான அடையாளத்தை நாங்கள் சாவி என்போம். நான் வைத்த சாவி வெறும் பெயர். சோதனைக்கு வைத்திருந்த பட்டியல் வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தது. அதில் ஒரு பெயர் இரண்டு முறை வராது.

நான் எங்கே பிறந்தவள்? ஒரே வகுப்பில் ஐந்து பழனிசாமிகளோடு உட்கார்ந்து படித்தவள். எங்கள் வாத்தியார் 'பழனிசாமி' என்று கூப்பிட்டதே கிடையாது. கூப்பிட்டால் ஐந்து பேரும் எழுந்து நிற்பார்கள் என்று 'மேக்காட்டான்' என்கிற மாதிரித் தோட்டத்துப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார். இனிஷியலும் உதவாது, பாதிப் பேருக்கு அப்பா ராமசாமி, மீதிப் பேருக்குப் பெரியசாமி. இதெல்லாம் தெரிந்த நான், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் வேறெங்கோ பிறந்தவள் மாதிரி எழுதி வைத்தேன். என் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

ஆஸ்பத்திரி திறந்த இரண்டு வருடத்தில் மரத்தில் ஆயிரத்துக்கு மேல் பழனிசாமிகள் சேர்ந்துவிட்டார்கள். புதிதாக ஒரு பழனிசாமி வந்தால், நிரல் முதல் பழனிசாமியிலிருந்து கடைசிப் பழனிசாமி வரை தட்டுத் தட்டாக நடந்து போய்த்தான் அவரை உட்கார வைக்கும். பதிவு கவுண்டரில் இருந்த சாந்தாமணி போன் பண்ணுவாள்.

"அக்கா, மத்த பேருக்கெல்லாம் உங்க மிஷினு நல்லாத்தான் ஓடுது. பழனிசாமின்னு அடிச்சா மட்டும் படியேறிச் சாமி கும்பிட்டுட்டுத்தான் வருமாட்ட இருக்குதுங்க. இங்க வரிசைல நிக்கறவங்க என்னைய வெய்யறாங்க."

சாந்தாமணி தறி ஓட்டும் வீட்டுப் பெண். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் வந்தாலும், "எந்த ஊருங்க? எந்தத் தோட்டமுங்க?" என்று கேட்பாள். படிவத்தில் தோட்டத்துக்கு இடம் கிடையாது. முகவரியின் முதல் வரியில் தானாகவே சேர்த்து அடித்துவிடுவாள். நான் மறந்ததை அவள் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வேகம் போதவில்லை என்று கடிதம் வந்தது. ஜெகநாதன் சாரிடம் போனேன். சாவியை மாற்ற வேண்டும், பெயரோடு தோட்டத்தையும் சேர்க்க வேண்டும், பத்து நாள் கொடுங்கள் என்றேன். கண்ணாடி கழன்றது.

"நூத்துக்கு நூறு சரிங்கம்மணி. ஆனா திங்கக்கெழமைக்குள்ள வேணுமின்னு கேக்கறாங்க. நீங்க ஒண்ணு பண்ணுங்க, அந்தக் கேட்டுக் காத்திருக்கறதை எடுத்துருங்க."

"கரண்டு போனா என்னங்க சார் பண்றது?"

"யூபிஎஸ் வெச்சிருக்காங்களேங்க."

மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த வருடங்கள் அவை. எந்த யூபிஎஸ்ஸின் பேட்டரியும் ஒழுங்காக இருந்ததில்லை என்பது இருவருக்கும் தெரியும். இருந்தும் நான் போய் அந்த வரிகளை எடுத்தேன். அவர் சொன்னார், நான் எடுத்தேன். திங்கட்கிழமை சாந்தாமணி போனில், "அக்கா, பறக்குதுங்க!" என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, கல்லாங்காட்டுத் தோட்டத்துப் பழனிசாமி காலில் புண்ணோடு அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். சோதனை ஊசி போட்டதில் பென்சிலின் அவருக்கு ஆகாது என்று தெரிந்தது. கோப்பின் மேல் சிவப்பு மையில் எழுதி, அலமாரியில் எண் வரிசைப்படி வைத்தார்கள். புதன்கிழமை முற்பகல் கரண்ட் போனது. யூபிஎஸ் இரண்டு நிமிடம் கத்திவிட்டு நின்றது. பிறகு எல்லாம் திரும்ப வந்தது, ஒரு குறையும் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவர் காய்ச்சலோடு வந்தார். எண் எழுதிய அட்டை சட்டைப் பையோடு துவைக்கப் போய்க் கரைந்துவிட்டது. சாந்தாமணி பெயரை வைத்துத் தேடினாள். திரையில் ஆயிரம் பழனிசாமிகள் வந்தார்கள், இவர் மட்டும் வரவில்லை.

"நான் போன வாரந்தானுங்க வந்தேன். நீங்கதானுங்க சீட்டுப் போட்டீங்க" என்றார் அவர். அவளுக்கும் முகம் நினைவிருந்தது. ஆனால் திரையில் ஆள் இல்லை. எண் இல்லாமல் அலமாரியில் கோப்பைத் தேட முடியாது. புதுச் சீட்டுப் போட்டாள். அன்றைக்கு இருந்தது வேறு டாக்டர். ஏதோ ஓர் ஊசி சேராது என்று மட்டும் பழனிசாமிக்குச் சொல்லத் தெரிந்தது, எது என்று தெரியவில்லை. புது நோயாளி என்று போட்ட சீட்டில் ஒரு குறிப்பும் இல்லை. பென்சிலின் போட்டார்கள். உடம்பெல்லாம் தடித்து மூச்சு அடைத்துவிட்டது. இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார்.

விசாரணை வந்தது. சாந்தாமணி முதல் தடவை பதியவே இல்லை, அல்லது பதிந்ததை அழித்துவிட்டாள்: இந்த இரண்டில் ஒன்று என்று நிர்வாகம் முடிவு கட்டியது. 'எனது கவனக்குறைவால்' என்று ஆரம்பிக்கும் கடிதத்தை அவர்களே அடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஜெகநாதன் சார் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சொன்னார்:

"எங்க சாஃப்ட்வேர்ல பதிவு தானா அழியாதுங்க. ஆளுதான் அழிச்சிருக்கோணும்."

முதல் வாக்கியம் முழு உண்மை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றி எரிகிறது. பதிவு அழியவில்லை என்பது அவருக்கும் தெரியும். பிறகு எங்கே போயிற்று என்று பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் போதும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக ஒரு பெண்ணின் பெயரைக் கொடுத்துவிட்டார்.

அன்று மத்தியானம் சாந்தாமணி கூப்பிட்டாள். அழவில்லை. "அக்கா, நான் அழிக்கலீங்க. நீங்களாச்சும் நம்பறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி டிஸ்கை அப்படியே ஒரு நகல் எடுத்தேன். மரத்தின் வழியாகப் போகாமல், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்கும் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். எங்கள் கணக்கில் ஒரு தட்டு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் அது இலையா, கிளையா என்று ஓர் அடையாளம் இருக்கும். இலைகளையெல்லாம் ஒரு பட்டியல் போட்டேன். பிறகு வேரிலிருந்து இறங்கிப் போய்த் தொட முடிகிற இலைகளை இன்னொரு பட்டியல் போட்டேன். இரண்டையும் ஒப்பிட்டேன்.

ஒரே ஓர் இலை மிச்சம். எந்தக் கிளையும் அதைக் காட்டவில்லை. அச்சடித்துப் பார்த்தேன். நாற்பத்தொரு பெயர். நாற்பத்தொன்றும் பழனிசாமி. கரண்ட் போவதற்கு முந்தைய மூன்று வாரத்தில் வந்தவர்கள் அத்தனை பேரும் அந்தத் தட்டில் இருந்தார்கள். தட்டைப் பிரித்த பிறகும் ஆட்கள் அதில் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறார்கள், அட்டவணை வரி மட்டும் டிஸ்கில் ஏறாமல் கம்ப்யூட்டரின் நினைவிலேயே கிடந்து கரண்டோடு போய்விட்டது. ஒவ்வொருவருக்கும் எதிரில் சாந்தாமணி அடித்த தோட்டத்துப் பெயர். முப்பத்தெட்டாவது ஆள் கல்லாங்காட்டுத் தோட்டம். பக்கத்தில் கோப்பு எண்.

நிர்வாக அதிகாரியின் அறைக்குக் கொண்டுபோனேன். விஷயம் கேள்விப்பட்டு ஜெகநாதன் சாரும் காரில் வந்துவிட்டார். சாந்தாமணியையும் வரச் சொன்னார்கள். எண்ணைச் சொன்னதும் அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து வந்தார்கள். மேலே சிவப்பு மை. உள்ளே சாந்தாமணி கொடுத்த சீட்டு, செவ்வாய்க்கிழமைத் தேதியோடு.

ஜெகநாதன் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாந்தாமணிங்க, நீங்களும் தப்புப் பண்ணலீங்க. நாங்களும் பண்ணலீங்க. கரண்டு பண்ணிப்போடுச்சு. லெட்டர்ல 'கவனக்குறைவு'ங்கறதை எடுத்துட்டு 'தவறுதலாக'ன்னு போட்டுக்கலாமுங்க. கையெழுத்துப் போடுங்க, வேலைல இருங்க. எல்லாருக்கும் நல்லதுங்க."

அதிகாரி தலையாட்டினார். பேனா நீட்டப்பட்டது. சாந்தாமணி அதைத் தொடவில்லை.

"நான் அடிச்சது அத்தனையும் அடிச்ச எடத்துலயே இருக்குதுன்னு இந்தக்கா காட்டிப்போட்டாங்க. அப்பறம் என்ற பேரு எதுக்குங்க அந்த லெட்டர்ல?"

"சும்மா ஒரு பேருக்குத்தானுங்கம்மணி."

"சும்மான்னா உங்க பேரைப் போட்டுக்கங்க சார்."

இருபத்தைந்து வருட வேலையில் நான் கேட்ட பேச்சுகளிலேயே இதைவிடச் சுத்தமானது இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அச்சடித்த தாளின் பின்பக்கத்தில், 'எழுதியாயிற்றா என்று சரிபார்க்கும் வரிகளை நிரலிலிருந்து நீக்கியது நான். நீக்கச் சொன்னது என் மேலதிகாரி. பதிவாளர் மீது தவறில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, மற்றக் கடிதத்தை நான்காகக் கிழித்தார். சாந்தாமணி தன் கவுண்டருக்குப் போய் உட்கார்ந்தாள்.

திரும்பும்போது ஜெகநாதன் சார் காரில் ஏறச் சொன்னார். அவிநாசி ரோட்டில் பாதி தூரம் வந்த பிறகு, "நீங்க செஞ்சது நூத்துக்கு நூறு சரிங்கம்மணி" என்றார். அடுத்த மாதம் என்னை மரத்திலிருந்து எடுத்து, அச்சுப் படிவங்களுக்கு ஓரம் சரிசெய்யும் பிரிவில் போட்டார்கள். அங்கே இரண்டு வருடம் கிடந்தேன்.

அதற்கு முன் ஒரு வேலையை முடித்துவிட்டேன். தொலைந்த இலையை மரத்தில் சேர்த்தேன். காத்திருப்பைத் திரும்ப வைத்தேன். சாவியில் பெயருக்குப் பின்னால் தோட்டத்தைச் சேர்த்தேன். பழனிசாமிகள் தங்கள் தங்கள் தோட்டத்துக்குப் பிரிந்து போனார்கள். இப்போது ஒருவரைச் சேர்க்கத் தட்டுத் தட்டாக நடக்க வேண்டியதில்லை, மூன்றே இடத்தைத் தொட்டால் போதும். கேட்டு நின்றபோதும், கேட்காமல் ஓடிய நாளைவிட வரிசை வேகமாக நகர்ந்தது. பிரவீணா, வேகம் எங்கே இருக்கிறது என்று இதைப் பார்த்துத் தெரிந்துகொள். இதைப் பற்றிக் கம்பெனி வெளியிட்ட குறிப்பு: 'வேகம் கூட்டப்பட்டுள்ளது. சிறு திருத்தங்கள்.' ஒரு மனிதர் மூச்சு அடைத்துக் கிடந்தது சிறு திருத்தம்!

ஒரு நாள் சாந்தாமணி கூப்பிட்டாள். "அக்கா, அந்தப் பழனிசாமியண்ணன்கிட்ட யாராச்சும் சொல்லோணுமுங்க. நான்தான் அவரைத் தொலச்சேன்னு நெனச்சிட்டிருப்பாரு." ஜெகநாதன் சாரிடம் கேட்டேன், அது ஆஸ்பத்திரி வேலைங்க என்றார். சாந்தாமணி ஆஸ்பத்திரியில் கேட்டாள், அது சாஃப்ட்வேர்காரர் வேலை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் போனோம்.

பழனிசாமி களத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி துவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததை முழுக்கச் சொன்னேன், என் கை வைத்த இடத்தையும் மறைக்கவில்லை. அவர் சிரித்துவிட்டார்.

"ஏனுங்கம்மணி, உங்க பொட்டிக்குள்ள மொத்தம் எத்தன பழனிசாமிங்க?"

"ஆயிரத்துக்கும் மேலங்க."

"அத்தன பேர்ல என்னையத்தான் தொலச்சீங்களா?"

"இல்லீங்க. நாப்பத்தொரு பேருங்க."

சிரிப்பு நின்றது. அவர் மனைவி துவரைக்காயைக் கீழே வைத்தார்.

"அவங்களும் அந்த ஒரு வாரத்துல மறுக்கா வந்திருப்பாங்கள்ல? இவுங்களுக்குப் போட்டாப்பல அவங்களுக்கும் புதுச் சீட்டுப் போட்டிருப்பீங்க. இப்ப ஆளுக்கு ரெண்டு சீட்டு. நாளைக்கு எதைப் பாத்துங்க ஊசி போடுவாங்க?"

மரத்தைச் சரிசெய்துவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவள் நான். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. கம்பெனியில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சாந்தாமணி என் பையிலிருந்து அந்தப் பட்டியலின் நகலை எடுத்துப் பழனிசாமியிடம் நீட்டினாள். அவர் தள்ளிப் பிடித்து வாசித்தார்.

"தோட்டத்துப் பேரெல்லாம் ஆருங்க போட்டது?"

"நான்தானுங்கண்ணா."

"இந்த நாலாவது ஆளு எங்க பங்காளிதான். பக்கத்துத் தோட்டம்." எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். "வாங்க, வேலிக்கு நடுவால இட்டேரித் தடத்துல போனாக் கிட்ட."

மீதி நாற்பது பேரையும் பார்த்து முடிக்க ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஆறு பேருக்கு இரண்டு சீட்டு இருந்தது, சாந்தாமணி அவற்றை ஒன்றாக்கினாள். அதில் இரண்டு பேரின் பழைய கோப்பில் சிவப்பு மை. கம்பெனியிலிருந்து ஒருவரும் ஒரு நாளும் வரவில்லை. பழனிசாமி ஏழு நாளும் வந்தார்.